இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம்

2025 பிப்ரவரி, மொரீசியஸ் தீவில் தைப்பூசக் காவடி இறக்கிய மாலை. கோவில் மண்டபத்தில் வாழையிலை போட்டு ஏழு கறிச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்து இலையில் என் கணவரின் அத்தை. குடும்பத்தில் எல்லோருக்குமே அவர் மாமிதான். 79 வயதிலும் பத்து நாள் விரதத்தில் ஒரு நாளைக்கூடக் குறைக்காதவர். சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே, எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார்: "கி மெத்சின் தோ பெ ப்ரான்?" என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று. "நான்யே, மாமி" என்றேன். ஒன்றுமில்லை. அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது, வந்த வேகத்தில் அணைந்தது. மருந்து இல்லையென்றால் நோய் இல்லை என்று ஒரு கணம் நினைத்திருப்பார். மருந்து இல்லையென்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று மறுகணம் தோன்றியிருக்கும். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தன் இலையில் தொடாமல் இருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார்.

அந்த அப்பளம் பல மாதம் என் தொண்டையிலேயே நின்றது. ரத்தப் புற்றுநோய் இருக்கிறது, அதற்கு ஒரு மாத்திரைகூட விழுங்குவதில்லை, இரண்டும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்ல எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் வாக்கியம் கிடைக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தீவின் பள்ளிக்கூடங்களில் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. நோயைவிடச் சொல் கிடைக்காததுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது என்று சொன்னால் சிலருக்கு விளங்காது. 'இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம்' என்ற இதே அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு விளங்கும்.

வெயே

2023 மே மாதம், சர்க்கரைக்காக திஸ்பான்சேரில் (ஊர் மருந்தகத்தில்) வழக்கமாக எடுக்கும் பிலானில், அதாவது ரத்தச் சோதனையில், வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் 9,800 என்று வந்தது. எனக்குக் காய்ச்சலும் இல்லை, களைப்பும் இல்லை. லிம்போசைட்டுகளில் பி என்ற வகை 5,000க்கு மேல் மூன்று மாதமாவது நிலைத்து நின்றால்தான் நோயின் பெயரைச் சொல்வார்களாம். ஆகஸ்டில் 11,800. செல்களின் மேலிருக்கும் அடையாளங்களைப் பிரித்துப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையும் அதையே சொன்னது. பிரெஞ்சில் எல்.எல்.சி., ஆங்கிலத்தில் சி.எல்.எல். தமிழில் நானே எழுதிக்கொண்டது: நாட்பட்ட லிம்போசைட் வெண்புற்று.

மருத்துவர் நல்லவர்தான், ஆனால் வெளியே வரிசை நீளம். நாலு நிமிடத்தில் பெயரைச் சொன்னார், மெதுவாக வளர்வது என்றார், பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னார்: இப்போதைக்கு நாம் ஒன்றும் செய்யப்போவதில்லை, 'நூ பு சிர்வெயே'. கண்காணிப்போம் என்று அர்த்தம். என் காதில் அந்தச் சொல்லின் வால் மட்டும்தான் விழுந்தது: வெயே. எங்கள் தீவில் வெயே என்றால் சாவு வீட்டில் இரவு முழுக்க விழித்திருப்பது. முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, பெஞ்சு போட்டு, தேநீர் சுற்றிவர, ஆண்கள் ஓரத்தில் தோமினோ ஆட, பெண்கள் உள்ளே உடலைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். என் அப்பாவுக்கு அப்படி உட்கார்ந்தேன், அம்மாவுக்கும் உட்கார்ந்தேன். இப்போது எனக்கே நான் உட்கார வேண்டும் என்கிறாரா இவர்? காத்ர் போர்னுக்குத் திரும்பும் பஸ்ஸில், சன்னல் வழியே கோர் த கார்த் மலையையும் அதன் சரிவில் முருகன் கோவிலையும் பார்த்துக்கொண்டே, யாரோ இறந்துபோன வீட்டுக்குப் போகிறவளைப் போல வந்து சேர்ந்தேன்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த நோயைச் சொல்கிற மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 'ஒன்றும் செய்யப்போவதில்லை' என்ற வாக்கியத்தைத் தனியாக விடாதீர்கள். அதற்குப் பக்கத்தில் ஏன் என்று ஒரு வாக்கியம் இருந்தால் எத்தனையோ இரவுகள் மிச்சம். அந்த 'ஏன்' எனக்குக் கிடைக்க ஐந்து மாதம் ஆனது.

நோட்டும் விரிச்சியும்

நீலக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எண்களை எழுதத் தொடங்கினேன். லிம்போசைட், ஹீமோகுளோபின், தட்டணுக்கள். நவம்பரில் 13,100. காலையில் பல் துலக்கும்போது கழுத்தின் இரண்டு பக்கமும், அக்குளிலும் தடவிப் பார்ப்பேன், கட்டி ஏதும் புதிதாக வந்திருக்கிறதா என்று. ஒரே இடத்தை நாள் முழுக்கத் தடவினால் கட்டி இல்லாவிட்டாலும் வலி வரும், அதையும் கண்டுகொண்டேன். இரவில் படுக்கை நனையுமளவு வியர்ப்பது ஒரு அறிகுறி என்று படித்ததிலிருந்து ஜனவரி மாதம் முழுக்கத் தூக்கம் போயிற்று. ஜனவரியில் இந்தத் தீவில் யாருக்குத்தான் வியர்க்காது! என் வயதில் பெண்களுக்கு வேறு காரணமும் உண்டு. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து தலையணை உறையைத் தொட்டுப் பார்ப்பேன்.

பழைய அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போது விரிச்சி பற்றிச் சொல்லியிருக்கிறேன். போருக்குப் போனவன் திரும்புவானா என்று தெரியாமல் தவிக்கும் வீட்டுக்காக முதுபெண்டிர் ஊருக்கு வெளியே போய் நெல்லும் முல்லைப்பூவும் தூவி நிற்பார்கள். வழியில் போகிற யாரோ வேறெதற்காகவோ பேசும் சொல் காதில் விழும், அதை நல்ல நிமித்தமாக எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையான வழக்கமாகத் தெரியும். நானும் அந்த மாதங்களில் விரிச்சி கேட்டுக்கொண்டுதான் திரிந்தேன். ரத்தம் எடுக்கும் பெண் 'ஓர்வார்' என்று சொன்னாளா, 'குராழ்' என்று சொன்னாளா? மீண்டும் பார்ப்போம் என்றால் நல்லது, தைரியமாக இருங்கள் என்றால் ஏதோ தெரிந்திருக்கிறது. சோதனைக்கூடத்திலிருந்து போன் முன்னதாக வந்தால் கெட்டது, தாமதமானால் இன்னும் கெட்டது. இப்படி ஒரு மனுஷி ஒரு வருடத்தைத் தின்றுவிட முடியும்.

என் கணவருக்கு இந்தச் சும்மா இருத்தல் தாங்கவில்லை. பப்பாளி இலைச் சாறு வந்தது. மஞ்சள் மாத்திரை வந்தது. முருங்கைக் கீரை, எங்கள் ஊர் ப்ரெத் முரும், வாரத்தில் நாலு நாள் சமையலில் வந்தது. கீரையைச் சாப்பிட்டேன், மற்றதை மருத்துவரிடம் கேட்காமல் தொடவில்லை. யாரைப் பார்த்தாலும் 'சென்னைக்குப் போவோம்' என்பார். இந்தத் தீவில் ஒரு பெரிய நோய் வந்தால் இந்தியாவுக்குப் போகாமலிருப்பது பாசக்குறைவு போலத்தான் பார்க்கப்படுகிறது. அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கும் குற்ற உணர்வாக இருக்கும், ஏதோ சோம்பலால் நான் சாகத் தீர்மானித்துவிட்டதைப் போல.

பிரான்சில், லியோனில் இருக்கும் மகள்தான் அந்த 'ஏன்' என்பதைத் தேடி அனுப்பினாள். முன்னாலேயே தொடங்கினால் நல்லதல்லவா என்று எல்லோரையும் போல மருத்துவர்களும் ஒருகாலத்தில் நினைத்தவர்கள்தான். பிரெஞ்சு மருத்துவர் குழு ஒன்று ஆரம்ப நிலை நோயாளிகள் 1,500க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து, 1998இல் முடிவை வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு உடனே குளோராம்புசில் என்ற மாத்திரை, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் மெதுவாகத்தான் முற்றியது, ஆனால் அதனால் அவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்துவிடவில்லை. சும்மா விடப்பட்டவர்களில், அந்த முதல் ஆய்வில், பதினொரு வருடத்துக்கு மேல் ஆன பிறகும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சிகிச்சையே தேவைப்படவில்லை. சரி, அது பழைய மருந்து. இப்ருடினிப் போன்ற புதிய மருந்தை முன்னாலேயே கொடுத்தால்? ஜெர்மனியில் அதையும் மருந்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நோய் முற்றுவது தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை. இதயத் துடிப்புத் தடுமாற்றமும் ரத்தக்கசிவும்தான் மருந்து எடுத்தவர்களுக்கு அதிகம். ஆக, எனக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டது மறதியும் அல்ல, பணம் மிச்சம் பிடிப்பதும் அல்ல. எத்தனையோ ஆயிரம் பேர் தங்கள் உடம்பைக் கொடுத்துக் கண்டுபிடித்த ஒன்று. இதைப் படித்த இரவு முதன்முறையாக எனக்குக் கோபம் குறைந்தது. பயம் குறையவில்லை.

கண்

2024 ஜனவரி 15, பெலால் சூறாவளி வந்த நாள். அதன் கண் பக்கத்து ரெயூனியன் தீவின் மேல் போனது, எங்களுக்கு மழை. தலைநகர் போர் லூயியில் தெருவெல்லாம் ஆறாகி, கார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த வாரம் எனக்கு இருந்த பிலான் தள்ளிப்போயிற்று. வானொலியில் மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை. சன்னல்களை அடைத்து, மெழுகுவத்தி, ரொட்டி, தண்ணீர் எல்லாம் எடுத்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே காற்று ஊளையிட, நான் தள்ளிப்போன எண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் கோப்பில் மருத்துவர் எழுதியிருந்த 'ராய் 0' நினைவுக்கு வந்தது. இந்த நோயை 0 முதல் 4 வரை படிகளாகப் பிரித்தவர் கான்தி ராய், ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன மருத்துவர். ரத்தத்தில் லிம்போசைட் மட்டும் கூடியிருந்தால் 0, நெறிக்கட்டி வந்தால் 1, மண்ணீரலோ கல்லீரலோ வீங்கினால் 2, ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் 3, தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் 4. வாக்குவாவிலிருந்து வானிலை நிலையம் சொல்லும் எச்சரிக்கையும் நாலு வகுப்புதானே. நாலாம் வகுப்பு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வந்தே விட்டது என்று அர்த்தம். ராய் அந்தப் படிகளை வெளியிட்ட வருடம் 1975. அந்த வருடம் எந்த மொரீசியஸ்காரருக்கும் வேறொரு பெயரால்தான் நினைவிருக்கும்.

1975 பிப்ரவரி 6, ஜெர்வேஸ் சூறாவளி. எனக்கு 11 வயது. கரும்புத் தோட்டத்துக் கானில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், தகரக் கூரை வீட்டில் இருந்தோம். மணிக்கு 280 கிலோமீட்டர் வரை காற்று அடித்ததாகப் பிறகு சொன்னார்கள். அன்று எங்களுக்கு அது எண் அல்ல. கூரைத் தகடு ஆணியை மெல்லுகிற சத்தம். எங்கள் ஐந்து பேரையும் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு அம்மா கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். பிறகு திடீரென்று எல்லாம் நின்றது. இலை அசையவில்லை. காது அடைத்துப்போனது போன்ற அமைதி. பக்கத்து வீட்டு மாமா வெளியே ஓடிவந்து கைகளை விரித்து, 'லின் ஃபினி! லின் ஃபினி!' என்று கத்தினார். முடிந்தது, முடிந்தது! கானே வெளியே வந்துவிட்டது. சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள்.

அம்மா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. 1960இல் கரோல் சூறாவளியைப் பார்த்தவர். கண் கடந்து போகிறது, பின்னாலேயே காற்று எதிர்த் திசையிலிருந்து வரும் என்று அவருக்குத் தெரியும். லாந்தரை என் கையில் கொடுத்தார். இதுவரை அடி வாங்கிய பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கச் சன்னலுக்குப் பலகை அடிக்கச் சொல்லி அப்பாவிடம் சுத்தியலை நீட்டினார். கட்டிலையும் அரிசி டின்னையும் சாமி படத்தையும் மற்றொரு சுவருக்கு நகர்த்தினார். விழுந்து கிடந்த பப்பாளிகளைப் பொறுக்கினார். ஆட்டை உள்ளே இழுத்துக் கட்டினார். அதற்குப் பிறகு, இதுதான் எனக்கு ஐம்பது வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்தது, அடுப்பு மூட்டித் தேநீர் போட்டார். எங்கள் ஐந்து பேருக்கும் பால் பவுடர் கலந்து, சர்க்கரை அதிகமாகப் போட்டு. உட்கார்ந்து, ஊதி, முழுதாகக் குடித்துவிட்டுத்தான் மறுபடி கதவைச் சாத்தினார்.

பெலால் அன்று இருட்டில் உட்கார்ந்திருந்தபோது முதலில் எனக்கு வந்தது அம்மா அல்ல, அந்தப் பக்கத்து வீட்டு மாமா. நானும் கண்ணுக்குள்தான் நிற்கிறேனா? இந்த அமைதியை முடிவென்று நினைத்துக் கைகளை விரித்து நிற்கிறேனா? நெஞ்சு அடைத்தது. நெடுநேரம் கழித்துத்தான் சுத்தியல் சத்தம் கேட்டது. காற்று எந்தப் பக்கமிருந்து திரும்பி வரும் என்று அம்மா தெரிந்துவைத்திருந்தார். எனக்கு அது எந்தப் பக்கம்? ஐந்து மாதமாக நான் நோட்டிலுள்ள எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நோயில் முதலில் மனிதர்களைத் தள்ளுவது பெரும்பாலும் அந்த எண் அல்ல, தொற்று. எண்ணிக்கை கூடிய அந்த லிம்போசைட்டுகள் வேலைக்கு உதவாதவை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். நான் பலகை அடித்திருந்தது தப்பான சன்னலுக்கு.

இந்த உவமை ஒரு இடத்தில் உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூறாவளியின் கண் கடந்தால் காற்று திரும்ப வந்தே தீரும். என் நோய் அப்படியல்ல. மூன்றில் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கவே சிகிச்சை தேவைப்படாமல் போகலாம் என்கிறார்கள். 2023 பிப்ரவரியில் ஃப்ரெடி சூறாவளி வடக்கே ஒதுங்கிப் போனதைப் போல. ஃப்ரெடிக்கும் நாங்கள் சன்னல்களை அடைத்தோம், அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

காத்து, இருந்து

அதற்குப் பிறகு செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. குளிர்காலத்துக்கு முன் ஃப்ளூ ஊசி, நிமோனியாவுக்கான ஊசி. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசிகள் எனக்குக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். 2025இல் ரெயூனியனில் சிக்குன்குனியா பரவி இங்கும் வந்தபோது, அங்கே போட்ட ஊசி அந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள அந்தச் சீட்டு உதவியது. எனக்குக் கொசுவலையும் தைலமும்தான். 38 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவர், மறுநாள் பார்ப்போம் என்பது கிடையாது. இந்த நோயுள்ளவர்களுக்குத் தோல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைக்கு வெயில் தாழ்ந்துதான் போகிறோம். கழுத்தைத் தினமும் தடவுவதில்லை, மாதம் ஒருமுறை. நோட்டு இருக்கிறது. இந்த வருடக் கடைசி எண் 19,600. முதல் எண் இரட்டிப்பாக இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பானால்தான் மருத்துவர் புருவத்தை உயர்த்துவார்.

கடைசியில் சென்னைக்கும் போனோம், 2024 ஜூலையில். என் கணவருக்காகத்தான் போனேன், போனது நல்லதாயிற்று. என் மகள் வயதிருக்கும் அந்த மருத்துவர் எல்லாத் தாள்களையும் பொறுமையாகப் பார்த்தார். "அங்க சரியாத்தாம்மா சொல்லியிருக்காங்க. இப்போதைக்கு ஒண்ணும் வேண்டாம். காத்திருங்க" என்றார். என் கணவர் நீண்ட மூச்சு விட்டார். எனக்கு அந்த வினைச்சொல் காதில் நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதச் சொல்லிக்கொடுத்த சொல்: காத்து, இரு. காப்பாற்றுவதற்கும் காவலுக்கும் விரதத்தின் தொடக்கத்தில் கட்டுகிற காப்புக்கும் உள்ள அதே கா. (காவடியின் கா வேறு, அது தோளில் சுமக்கும் கா.) சாவு வீட்டில் விழித்திருப்பதற்கு ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து மாதம் நடுங்கியவள், காடு காக்கிறவனும் கன்று காக்கிறவளும் சொல்லும் சொல்லை வீட்டிலேயே வைத்திருந்தேன். முல்லைத் திணைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன். தலைவன் வராதது இரண்டிலும் ஒன்றுதான். முல்லையில் அவள் விளக்கேற்றுகிறாள், விருந்து பார்க்கிறாள்.

ஆனாலும் 2025 காவடி அன்று மாமி கேட்டபோது 'நான்யே' என்றுதான் வாயில் வந்தது. தனக்கு விளங்குவது வேறு, இன்னொருவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வது வேறு.

ஜூன் மாதம் மாமி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். ஜெர்வேஸைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அப்போது 29 வயது, கைக்குழந்தையோடு வேறொரு கானில் இருந்தாராம். கண் வந்தபோது என்ன செய்தீர்கள் என்றேன். "குழந்தைக்குத் துணி மாத்தினேன். அதுக்குள்ள எல்லாத்தையும் அந்தப் பக்கச் சுவருக்குத் தள்ளினோம்" என்றார் தமிழில். மாமி தமிழ் பேசுவது அபூர்வம். நான் சொன்னேன்: "நானும் இப்ப அதைத்தான் செய்யறேன், மாமி. மருந்து வேண்டியதில்ல. சுவர் மாத்திக்கிட்டிருக்கேன்." அவர் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த ரத்தம் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டார். ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை என்றேன்.

அந்த வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, யாரும் கூப்பிடாமல், மாமி எங்கள் வாசலில் நின்றார். பச்சை ஷால், கையில் பிளாஸ்க். வரிசையில் என் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அதிகம் பேசவில்லை. என் பெயரைக் கூப்பிட்டதும் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கைப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி திரும்பி வந்தபோது, பிளாஸ்கின் மூடியில் தேநீர் ஊற்றித் தயாராக வைத்திருந்தார். பால் பவுடர் போட்டது, சர்க்கரை இல்லாமல். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது மாமிக்கு மறக்கவில்லை.